டாக் ஷோவில் 'திடீர்னு' ஒரு பாட்டு: ராக் பேண்டுக்கு அகூஸ்டிக் செட்டப் எப்படி?

வியாசர்பாடி_ரிஃப்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைன்னு வடசென்னைப் பசங்க அஞ்சு பேர் சேர்ந்த ராக் பேண்டு எங்களுது. ரெண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஒரு வோக்கல். ஒரு டிவி டாக் ஷோவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. சோபாவில் உட்கார்ந்து பேட்டி. நடுவில் ஆங்கர் "சும்மா ஒண்ணு எடுத்து விடுங்களேன்"னு கேட்பாங்க, நாங்க பக்கத்தில் இருக்கிற கிட்டாரை எடுத்து வாசிக்கணும். பார்க்கிறவங்களுக்கு முன்னாடியே பேசி வெச்சது மாதிரி தெரியக்கூடாது. பாட்டுக்கு 2 நிமிஷம் கொடுத்திருக்காங்க. ஷோ பதிவுதான், ஆனா நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுப்பாங்களாம்.

பாட்டு எங்களோட சொந்தப் பாட்டு. ஈ மைனர், 132 பிபிஎம் (நிமிஷத்துக்கு 132 பீட்), மொத்தம் 4 நிமிஷத்துக்கு மேல ஓடும். முழுக்க டிஸ்டார்ஷன் (ஆம்புல உடைச்சு விடுற கரகர சத்தம்), கடைசியில் லீட் சோலோ. கையில் இருக்கிறது: பிக்கப்போட (கம்பி அதிர்வை வயர்ல அனுப்புறது) ஒரு டிரெட்நாட், அதாவது பெரிய உடம்பு அகூஸ்டிக், பிக்கப் இல்லாத ஒரு நைலான் கிட்டார், ஒரு கஹோன் (மேல உட்கார்ந்து தட்டுற மரப்பெட்டி). டிரம்மர் டோலக்கும் வாசிப்பார். சவுண்டுக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு "எல்லாருக்கும் காலர் மைக் இருக்கு, கிட்டாருக்கு ரெண்டு லைன் தர்றோம், போதும்"னு சொல்றாங்க. போதுமா? பேஸை என்ன பண்றது? மானிட்டர் (நாங்க வாசிக்கிறது எங்களுக்கே கேட்கிற ஸ்பீக்கர்) கேட்கலாமா? பாட்டை எப்படி மாத்தணும்? விவரமா சொல்லுங்க.

---

பிசிஆர்_காது:

தம்பி, காலர் மைக் பேச்சுக்குத்தான். பாட்டுக்கு அதை நம்பாதீங்க. காரணம் ரெண்டு இருக்கு, ரெண்டுமே டெக்னிக்கலா உட்கார்ந்து தீர்க்க வேண்டியது.

முதல் காரணம் லெவல். பேசும்போது இருக்கிற சத்தத்துக்கும் ராக் பாடகர் வாயைத் திறந்து பாடுறதுக்கும் 15, 20 டெசிபல் வித்தியாசம் வரும். இடுப்பில் மாட்டுற டிரான்ஸ்மிட்டரில் சென்சிட்டிவிட்டின்னு ஒரு செட்டிங் இருக்கு. அதைப் பேச்சுக்கு வெச்சிருந்தா, பாட்டோட முதல் உச்சத்திலேயே டிரான்ஸ்மிட்டருக்குள்ள கிளிப் ஆயிடும். அப்புறம் மிக்ஸர்ல ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் உடைஞ்ச சத்தம்தான் சின்னதா கேட்கும். அதனால மைக் செக்ல "ஒன் டூ த்ரீ" சொல்லிட்டு எழுந்திருக்காதீங்க. பாட்டோட உச்சமான வரியை முழுக் குரலில் பாடிக் காட்டி, அதுக்கு ஏத்த மாதிரி வைக்கச் சொல்லுங்க. பேச்சு கொஞ்சம் தாழ்ந்து வந்தா மிக்ஸர்ல ஏத்திக்கலாம்.

ரெண்டாவது, காலர் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற ஓம்னி ரகம். நெஞ்சில் குத்தியிருக்கும். கிட்டார் மடியில் வந்ததும் அதோட மேல் விளிம்பு மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிக்கும். வாயும் கிட்டத்தட்ட அதே தூரம். கிட்டார்தான் ஜெயிக்கும். ஸ்ட்ராப் உரசினா பெட்டியைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வேற. அதோட அஞ்சு பேர் காலர் மைக்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தா, ஒரே டோலக் அடி அஞ்சு மைக்ல அஞ்சு வேற நேரத்தில் வந்து விழும். மில்லிசெகண்டு கணக்குதான், ஆனா சத்தம் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் வாசிக்கிறவங்களோட காலர் மைக் எல்லாம் மூடணும். இதை ஆடியோ ஆள்கிட்ட நேரா சொல்லி, அவர் ஸ்கிரிப்ட் பேப்பர்லயே குறிக்க வையுங்க.

அப்போ வோக்கலுக்கு என்ன? ஆங்கர் கிட்ட ஒரு கையடக்க டைனமிக் மைக் இருக்கட்டும். ஷூர் எஸ்எம் 58 மாதிரி சாதாரண மைக் போதும், வயர்லெஸ்னா நல்லது. "பாடுங்க"ன்னு சொல்லி ஆங்கரே எடுத்து நீட்டினா பார்க்க இயல்பா இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் 3 விரல் இடைவெளி. ஒரே பக்கம் கேட்கிற மைக்குங்கிறதால கிட்டார் கசிவு பாதிக்கு மேல குறையும். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு: பாடகர் கிட்டார் வாசிக்கக்கூடாது. உங்க வோக்கல் தனி ஆள்னு சொல்றீங்க, அது வசதி.

டிரெட்நாட்டுக்கு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) வழியா லைன் கொடுங்க. உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்ட பிரீஆம்ப் இருந்தா எந்த டிஐயும் சரி. பேட்டரி இல்லாத வெறும் பியஸோ பிக்கப்பா இருந்தா ஆக்டிவ் டிஐ கட்டாயம், இன்புட் இம்பீடன்ஸ் குறைஞ்சது 1 மெகாஓம் இருக்கணும். இல்லேன்னா அடிச்சத்தம் எல்லாம் வடிஞ்சு தகர டப்பா சத்தம் வரும். பியஸோ லைன் மட்டும் வெச்சா ஓங்கி அடிக்கிற இடத்தில் வாத்து கத்துற மாதிரி கேட்கும். அதனால கூடவே ஒரு சின்ன கண்டென்சர் மைக் வையுங்க: 12வது ஃப்ரெட் பக்கம் பார்த்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில், ஃபிரேமுக்குக் கீழே. சவுண்ட் ஹோலுக்கு நேரா வெச்சா 100 ஹெர்ட்ஸ் பக்கம் 'பொம்'முனு ஊதும். லைன், மைக் ரெண்டையும் சேர்த்துத் திறந்ததும் மிக்ஸர்ல ஒண்ணுக்கு போலாரிட்டியை (சத்த அலையோட மேல், கீழ் திசை) திருப்பிப் பாருங்க. எந்தப் பக்கம் கிட்டார் தடிமனா கேட்குதோ அதுதான் சரி. நைலான் கிட்டாருக்கு லைன் கிடையாதுங்கிறதால இன்னொரு கண்டென்சர். ஆக அவங்க சொன்ன "ரெண்டு லைன்" பத்தாது. கையடக்க மைக் 1, டிஐ 2 (டிரெட்நாட், பேஸ்), கண்டென்சர் 2, தாளத்துக்கு 1 அல்லது 2. மொத்தம் 6 அல்லது 7 சேனல். இதை முதல் நாளே எழுதி அனுப்புங்க. அன்னிக்குக் காலையில் கேட்டா ஸ்டோர்ல இருந்து வராது.

இன்னொண்ணு, செட் எல்லாம் பிளைவுட் மேடை மேல போட்டிருக்கும், உள்ளே காலி. கால் தட்டினா அது மைக் ஸ்டாண்டு வழியா ஏறி ஒவ்வொரு தட்டும் கிக் டிரம் மாதிரி வரும். ஸ்டாண்டு அடியில் கனமான ஃபோம் துண்டு, கிட்டார் மைக், வோக்கல் மைக் ரெண்டிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கால் தட்டுறதா இருந்தா செருப்பைக் கழட்டிட்டு கார்பெட் மேல. வேற வழி இல்லை.

---

ராயபுரம்_ஆறுகம்பி:

சவுண்டை அண்ணா சொல்லிட்டார். நான் பாட்டுக்குள்ள போறேன், ஏன்னா மைக் எவ்வளவு நல்லா இருந்தாலும் எலக்ட்ரிக் அரேஞ்ச்மென்டை அப்படியே அகூஸ்டிக்ல வாசிச்சா பாட்டு எலும்பும் தோலுமாத்தான் நிக்கும்.

டிஸ்டார்ஷன் செய்யிற பெரிய வேலை சத்தத்தை நீட்டி வைக்கிறது. ஒரு பவர் கார்டு (ரெண்டு மூணு கம்பியில் மட்டும் பிடிக்கிற கார்டு) அடிச்சா நாலு பீட்டுக்கு நிக்கும். அகூஸ்டிக்ல அதே கார்டு ஒரு பீட்லயே விழுந்துடும். அந்தக் காலி இடத்தை எதால நிரப்புறீங்கங்கிறதுதான் முழு வேலையும். பவர் கார்டை விட்டுட்டு ஓபன் கார்டுக்கு வாங்க. மெல்லிசான முதல் ரெண்டு கம்பியை எல்லாக் கார்டுக்கும் திறந்தே விடுங்க, அது பின்னாடி ஒரு சுருதிப்பெட்டி மாதிரி நிக்கும். பாம் மியூட் ரிஃப் (உள்ளங்கை ஓரத்தால கம்பியை அமுக்கி வாசிக்கிறது) இருந்தா அதை அப்படியே வெச்சுக்கலாம், அது மட்டும் அகூஸ்டிக்ல இன்னும் நல்லா கேட்கும்.

ஸ்கேல்: ஈ மைனர்ல முழு பேண்டுக்கு மேல கத்திப் பாடின பாட்டை, அமைதியான ரூம்ல அதே உயரத்தில் பாடினா சண்டை போடுற மாதிரி இருக்கும். ரெண்டு செமிடோன் இறக்கி டி மைனருக்கு வாங்க, அதாவது 3 கட்டையில் இருந்து 2 கட்டைக்கு. டிரெட்நாட்ல ஆறு கம்பியையும் ஒரு டோன் இறக்கி ட்யூன் பண்ணிடுங்க. கை வடிவம் எதுவும் மாறாது. நைலான் கிட்டாரை இறக்காதீங்க, கம்பி தொளதொளன்னு ஆயிடும். அதை வழக்கமான ட்யூனிங்லயே விட்டு 5வது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போட்டு ஏ மைனர் வடிவத்தில் வாசிங்க, சத்தம் டி மைனரா வரும். ஒரு கிட்டார் கீழே, ஒண்ணு மேலே. ரெண்டும் ஒண்ணையொண்ணு மிதிக்காது, பிக்கப் இல்லாத நைலான் தனியாத் தெரியும்.

கம்பி தடிமன் முக்கியம். எலக்ட்ரிக்ல 9, 10 செட் பழகின விரலுக்கு 12-53 அகூஸ்டிக் செட் ரெண்டாவது சரணத்திலேயே வலிக்கும். ஆனா ஒரு டோன் இறக்கிட்டா அதே 12 செட் கிட்டத்தட்ட 10, 11 செட்டோட இழுப்புக்கு வந்துடும். அதனால 12 போட்டு இறக்குறதுதான் நல்லது. 10 செட்டைப் போட்டு இறக்கினா ஃப்ரெட்ல இடிச்சுக் கரகரன்னு சத்தம் வரும்.

சோலோவை மாத்தி எழுதணும். அகூஸ்டிக் செட்ல மூணாவது கம்பி சுத்துக்கம்பி. எலக்ட்ரிக்ல அதுல ஒரு முழு டோன் பெண்டு (கம்பியை வளைச்சு சுருதி ஏத்துறது) சாதாரணமா வரும், இங்க அரை டோனுக்கே விரல் திணறும். பெண்டு வர்ற இடத்தில் ஸ்லைடு போடுங்க, நீளமா நிக்கிற ஸ்வரத்தை ரெண்டு கம்பியில் சேர்த்து வாசிங்க. 2 நிமிஷத்தில் சோலோ 4 பார் இருந்தா தாராளம்.

நேரக் கணக்கு: வேகத்தை 120க்கு இறக்குங்க. கேமரா முன்னாடி எல்லாருக்கும் வேகம் ஏறும், அது தானா 124, 126க்குப் போய் நிக்கும். 120ல நாலு பீட் பார் ஒண்ணுக்கு 2 செகண்டு, 2 நிமிஷம்னா 60 பார். தொடக்கம் 4, சரணம் 16, கோரஸ் 8, சோலோ 4, பாதிச் சரணம் 8, கோரஸ் ரெண்டு தடவை 16, முடிவு 4. சரியா 60.

கம்பியை முதல் நாள் மாத்துங்க, அன்னிக்குக் காலையில் மாத்தாதீங்க. மாத்தினதும் ஒவ்வொரு கம்பியையும் கையால இழுத்து இழுத்து ட்யூன் இறங்காத வரைக்கும் திரும்பத் திரும்ப செட் பண்ணுங்க. காசிமேடு, ராயபுரம் பக்கம் கிட்டாரை வெளியே வெச்சிருந்தீங்கன்னா உப்புக்காத்து கம்பியை ஒரு வாரத்திலேயே மங்க வெச்சுடும், பையில் வையுங்க. ஸ்டுடியோவில் ஏசி பலமா இருக்கும். வெளியே வெயில்ல வந்த கிட்டார் உள்ளே போனதும் கம்பி குளிர்ந்து சுருங்கும், சுருதி ஏறும். பையைத் திறந்து செட்லயே முக்கால் மணி நேரம் வெச்சிட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க. மேக்கப் ரூம்ல பண்ணின ட்யூனிங் செட்ல நிக்காது. டிஎச் ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு), எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி நெரிசல் தெரியும்ல, அந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்க.

---

தோல்_தாளம்_கொருக்குப்பேட்டை:

டிரம்மருக்கு மட்டும் எழுதுறேன். கஹோனா டோலக்கா? என் ஓட்டு டோலக்குக்கு.

கஹோன் நல்ல வாத்தியம்தான், ஆனா சோபா செட்டில் அது ஒரு பெட்டியா வந்து உட்காரும்போதே "ஓ, பாடப் போறாங்க"ன்னு தெரிஞ்சிடும். அதோட பிளைவுட் மேடை மேல பிளைவுட் பெட்டி, ரெண்டும் சேர்ந்து அதிரும். உள்ளே இருக்கிற ஸ்னேர் கம்பி பேஸ் வாசிக்கும்போதெல்லாம் தானா சலசலக்கும். கஹோன்தான் வேணும்னா அடியில் கனமான ரப்பர் மேட்டு, பின்பக்க ஓட்டைக்குள்ள ஒரு மைக், முன்பக்கம் மேல் மூலையைப் பார்த்து ஒண்ணு. பின்மைக்கோட போலாரிட்டியைத் திருப்பணும். முன்னால தட்டினா பலகை முன்மைக்கை விட்டு விலகும், பின்மைக்கை நோக்கித் தள்ளும். திருப்பாம விட்டா ரெண்டு மைக்கோட அடிச்சத்தமும் ஒண்ணையொண்ணு தின்னுடும்.

டோலக்னா நட்டு போட்ட டோலக்கா எடுத்துட்டு வாங்க, கயிறு போட்டதுக்குச் செட்ல நேரம் இருக்காது. ஸ்பேனர் பையில் இருக்கட்டும். வலப்பக்கத்தை 2 கட்டைக்கு, அதாவது டிக்கு ஏத்துங்க. தோல் ஏசியில் காயும், இறுகும், சுருதி மேல போகும். வெளியே ஈரக்காத்தில் நேர் எதிர். அதனால வீட்டில் ஏத்தி வெச்சதை நம்பாதீங்க. செட்ல கிட்டார் ட்யூன் பண்ணி முடிச்ச பிறகு கடைசியா டோலக். சோபாவில் உட்கார்ந்து மடியில் வெச்சா இடப்பக்கம் குஷன்ல அமுங்கி 'கும்' வராது. கைப்பிடி இல்லாத ஒரு சின்ன ஸ்டூல் கேளுங்க. மைக் ஒண்ணே ஒண்ணுன்னா ரெண்டு வாய்க்கும் நடுவில், முன்னால ஒன்றரை அடி தள்ளி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சு.

டிரம்ஸ் பேட்டர்னை அப்படியே டோலக்கில் கொண்டு வராதீங்க. கிக் இருக்கிற இடம் 'கும்', ஸ்னேர் இருக்கிற இடம் வலப்பக்க ஓரத்தில் ஒரு 'டக்', ஹைஹாட்டை விட்டுடுங்க. அந்த வேலையை டிரெட்நாட்காரரோட வலது கை செய்யும். கோரஸுக்கு மட்டும் கானா உருட்டு ஒண்ணு உள்ளே விடுங்க. ராக் கிட்டாரும் கானா தாளமும் ஒண்ணா உட்காரும்கிறதை சென்னை பேண்டு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறினதில் இருந்து காட்டிட்டு வர்றாங்க. அவங்க ஸ்டேஜ்ல எலக்ட்ரிக்கோட செய்யிறதை நீங்க இங்க ஒரு டோலக்கால செய்யப் போறீங்க, அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கு, நம்ம ஏரியா வழி. கானா பிறந்ததே கையில் கிடைச்சதைத் தட்டித்தான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுற மரண கானாவுக்குப் பானை போதும், பலகை போதும். ஆங்கர் முன்னாடி இருக்கிற மேஜையே தாளமா ஆகலாம். முதல் சரணம் முழுக்க மேஜையில் விரலால, கோரஸ்ல டோலக்கைத் தூக்கலாம். இதுக்கு மேஜைக்கு அடியில் ஒரு பவுண்டரி மைக் (தட்டையா ஒட்டி வைக்கிற மைக்) ஒட்டணும், மேஜை மேல இருக்கிற கப், தண்ணி கிளாஸ் எல்லாம் முன்னாடியே எடுத்துடணும், கிணுகிணுக்கும். மேல கண்ணாடி போட்ட மேஜைன்னா இந்த யோசனையை விட்டுடுங்க.

---

ஃப்ளோர்_கியூ:

'திடீர்னு' தெரியுற விஷயத்துக்கு வர்றேன். அதுதானே கேள்வியோட மையம்.

1993 நவம்பர் 18 அன்னிக்கு நியூயார்க்கில் அமெரிக்க ராக் பேண்டு நிர்வாணா, அகூஸ்டிக்கா வாசிக்கிற டிவி நிகழ்ச்சியான எம்டிவி அன்பிளக்டுக்கு வாசிச்சது. பார்க்க அவ்வளவு எளிமையா இருக்கும், ஸ்வெட்டர் போட்டுட்டு உட்கார்ந்து வாசிப்பார் அவங்க பாடகர் கர்ட் கோபேன். ஆனா அவர் கையில் இருந்த மார்ட்டின் டி-18ஈ கிட்டார் பிக்கப்போட எஃபெக்ட் வழியா ஒரு ஆம்புக்குப் போயிட்டிருந்தது. அந்த ஆம்பை மானிட்டர் ஸ்பீக்கர் மாதிரி தெரியுற ஒரு பெட்டியால தயாரிப்பாளர் மறைச்சு வெச்சிருந்தார். டிரம்ஸுக்கு வழக்கமான குச்சிக்குப் பதிலா பிரஷ்ஷும் கட்டுக்குச்சியும். அமெரிக்க டாக் ஷோவான ஜிம்மி ஃபாலன் ஷோவில் அதோட பேண்டு தி ரூட்ஸ் சின்ன அறைக்குள்ள நெருக்கியடிச்சு நின்னு பள்ளிக்கூட வாத்தியங்கள்ல பாட்டு வாசிக்கும். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா அதுலயும் அரேஞ்ச்மென்ட் இருக்கு. இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. கருவி, வயர், மைக், லைட் இதெல்லாம் முன்னாடியே முடிவானாத்தான் ஆட்கள் கவலையில்லாம வாசிக்க முடியும்.

உங்களுக்கு நடைமுறை: கிட்டார் ரெண்டும் செட் பொருள் மாதிரி சோபா பக்கம் ஸ்டாண்டில், ஷோ ஆரம்பத்தில் இருந்தே ஃபிரேமில் இருக்கட்டும். கேபிள் செருகி, கார்பெட் அடியில் ஓடி, சேனல் மூடியிருக்கணும். பாட்டு நேரத்தில் கேபிள் செருகினா 'டப்'புனு ஒரு சத்தம் பதிவில் விழும், கலைச்சு எடுக்கிறது கஷ்டம். கிளிப் ட்யூனரைக் கழட்டி பாக்கெட்டில் போடுங்க. கிட்டார் தலையில் அது பச்சையா மின்னினா ஒத்திகை பார்த்தாச்சுன்னு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கே தெரியும். கேப்போ முன்னாடியே நைலான்ல மாட்டியிருக்கட்டும், அதை யாரும் கவனிக்க மாட்டாங்க.

"பாடுங்களேன்"ல இருந்து முதல் ஸ்வரத்துக்கு 8 செகண்டுக்கு மேல போனா ஆன்லைன்ல, அதாவது ஷூட் ஓடும்போதே கேமரா மாத்துற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பொறுமை இழப்பார், எடிட்ல அந்த இடத்தை வெட்டுவாங்க, வெட்டினா திடீர்ங்கிற உணர்வும் அதோட போச்சு. இதுக்கு நல்ல வழி: ஆங்கர் இன்னும் பேசிட்டிருக்கும்போதே நைலான்காரர் கிட்டாரை மடியில் எடுத்து டி மைனரை மெதுவா விரலால மீட்டிட்டே இருக்கட்டும். 4 பார் தொடக்கம்னு மேல சொன்னாரே, அதை எத்தனை தடவை வேணும்னாலும் சுத்தலாம். பேச்சு அதுக்கு மேலேயே ஓடும், பாட்டு எங்க ஆரம்பிச்சதுன்னே தெரியாது. அந்த மைக் மட்டும் அந்த நேரத்தில் திறந்திருக்கணும், அதனால ஆடியோவுக்குக் கியூ "ஆங்கர் கேட்டதும்"னு எழுதாதீங்க, "நைலான் கிட்டார் மடிக்கு வந்ததும்"னு எழுதுங்க. ஒன் டூ த்ரீ ஃபோர் எண்ணக்கூடாது. பாடகர் மூச்சு இழுத்துத் தலையசைக்கிறது போதும். எல்லாருக்கும் அவர் முகம் தெரியுற மாதிரி வளைவா உட்காருங்க, நேர் வரிசையா உட்கார்ந்தா ஓரத்து ஆளுக்குத் தெரியாது.

டைரக்டருக்கு ஒரே ஒரு பக்கம்: மேல இருக்கிற 60 பார் கணக்கு, எந்த இடத்தில் யார் முக்கியம். "சோலோ, டிரெட்நாட், சோபா இடது ஓரம்"னு இருந்தா கேமரா அங்க போய் நிக்கும். இல்லேன்னா சோலோ முடியுற வரைக்கும் பாடகர் சும்மா தலையாட்டுறதையே காட்டுவாங்க. முடிவு கறாரா இருக்கணும்: கடைசிக் கார்டை 2 செகண்டு நிக்க விட்டு, உள்ளங்கையால அமுக்கி, 3 செகண்டு யாரும் வாய் திறக்காம. எடிட்டருக்கு வெட்ட இடம் வேணும்.

---

வியாசர்பாடி_ரிஃப்:

எல்லா அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. டோலக்குன்னு முடிவு பண்ணிட்டோம், மேஜையில் கண்ணாடி இருக்காம், அதனால அந்த யோசனையை விட்டுட்டோம். இன்னும் மூணு சந்தேகம். பேஸ் பத்தி யாரும் விவரமாச் சொல்லலை. மானிட்டர் இல்லாம எப்படிக் கேட்கும்? ஆங்கர்கிட்ட எவ்வளவு சொல்லணும்?

---

பிசிஆர்_காது:

பேஸ்: அகூஸ்டிக் பேஸ் கிட்டார் தேடி அலையாதீங்க. ரெண்டு கிட்டார், டோலக் பக்கத்தில் அது கேட்கவே கேட்காது. உங்க எலக்ட்ரிக் பேஸே போதும். டிஐ வழியா மிக்ஸருக்கு ஒரு லைன், டிஐயோட 'த்ரூ' அவுட்ல இருந்து 10, 15 வாட் பிராக்டிஸ் ஆம்புக்கு ஒரு லைன். ஆம்பை சோபாவுக்குப் பின்னாடி தரையில் வெச்சு, பேசுற சத்தத்துக்கு மேல போகாம வையுங்க. நிர்வாணா கதைதான், பெட்டி மட்டும் சின்னது. 'ம்ம்ம்'னு 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தா டிஐயில் கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்க. பவர் பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்காதீங்க, அது ஷாக் அடிக்கிற வேலை. கிர்ருனு ஒரு சத்தம் வந்து, பேஸைத் திருப்பினா கூடிக் குறைஞ்சா, அது லைட் டிம்மர்ல இருந்து சிங்கிள் காயில் பிக்கப்புக்கு வர்றது. எந்தக் கோணத்தில் குறையுதோ அப்படி உட்காருங்க. ரெண்டு பிக்கப் இருக்கிற பேஸ்னா ரெண்டு வால்யூமையும் சமமா வெச்சா பெரும்பாலும் போயிடும்.

மானிட்டர் வேண்டாம். இதுல நான் பிடிவாதமா இருக்கேன். அமெரிக்க ரேடியோ என்பிஆர் ஆபீஸ் மேஜை பக்கத்தில் எடுக்கிற டைனி டெஸ்க் கச்சேரிகளைப் பாருங்க, பாடகர் குரலை அறையில் ஸ்பீக்கர் வழியா விடுறதே இல்லை. பக்கத்தில் இருக்கிறவங்க காதுக்குக் குரல் நேராத்தான் வரணும். அதனால வாத்தியக்காரங்க தானா அடக்கி வாசிக்கிறாங்க, அந்த அடக்கம்தான் அந்த நெருக்கமான சத்தம். நீங்க அஞ்சு பேரும் ஒன்றரை மீட்டருக்குள்ள நெருங்கி உட்காருங்க, பாடகர் நடுவில், டோலக் அவருக்கு எதிர்ப்பக்கம். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது பாடகருக்கு மைக்கே கொடுக்காதீங்க. அவர் வரி எல்லாருக்கும் தெளிவாக் கேட்கிற அளவுக்கு மத்தவங்க சத்தம் இறங்கட்டும். அந்த லெவலை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டு வாங்க. ஆடியன்ஸுக்காக அங்க ஸ்பீக்கர் இருந்தா, அதுல குரலை மட்டும் விடச் சொல்லுங்க, கிட்டார் மைக்கை விட்டா 100 ஹெர்ட்ஸ்ல ஊளையிடும். டிரெட்நாட் சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி ஒண்ணு வாங்கிக் கையில் வையுங்க.

---

ராயபுரம்_ஆறுகம்பி:

மானிட்டர் விஷயத்தில் அண்ணாவோட பாதிதான் ஒத்துப் போறேன். நைலான்காரர் 5வது ஃப்ரெட்ல மெதுவா மீட்டும்போது டோலக் உள்ளே வந்தா அவருக்கு அவர் சத்தமே கேட்காது, தேவையில்லாம ஓங்கி அடிப்பார், நைலான்ல ஓங்கினா சுருதி கோணும். அவருக்கு மட்டும் ஒரு காதில், கேமராவுக்கு மறுபக்கத்துக் காதில், இன்இயர் (காதுக்குள்ள வைக்கிற சின்ன மானிட்டர்) போட்டுவிடலாம். அவர் கிட்டார் மட்டும் அதுல வரட்டும்.

---

பிசிஆர்_காது:

ஒரு ஆளுக்கு ஒரு காதுன்னா சரி. வயரைச் சட்டைக்குள்ள விட்டு, ரிசீவர் பெல்ட் பேக் கிட்டார் ஸ்ட்ராப் இல்லாத பக்கம்.

---

ஃப்ளோர்_கியூ:

ஆங்கர் கேள்விக்கு: பாட்டு இருக்குன்னும், எந்தக் கேள்விக்கு அப்புறம்னும், கையடக்க மைக் எங்க இருக்குன்னும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும். பாட்டை முன்கூட்டியே போட்டுக் காட்டாதீங்க. ஒத்திகையில் ஆங்கர் இடத்தில் வேற யாரையாவது உட்கார வையுங்க. முதல் தடவை கேட்கிற முகம் ஒரு தடவைதான் கிடைக்கும், அந்த ரியாக்‌ஷன் ஷாட்டை நடிச்சு வாங்க முடியாது. பாட்டு நடக்கும்போது ஒரு கேமரா முழுக்க ஆங்கர் மேலயே இருக்கணும்னு டைரக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. அப்படி இருந்தா "இன்னொரு தடவை வாசிங்க, க்ளோசப் எடுத்துக்கிறோம்"னு கேட்க வேண்டி வராது. கேட்டா, முதல் பதிவோட சத்தத்தைப் போடச் சொல்லி அதுக்குக் கை மட்டும் அசைங்க. மறுபடி நேரா வாசிச்சா வேகம் 3, 4 பிபிஎம் மாறியிருக்கும், கையும் சத்தமும் ஒட்டாது.

பாட்டு சொந்தப் பாட்டுன்னு சொன்னீங்க, நல்லது. டிஸ்ட்ரிப்யூட்டர் வழியா ஏற்கெனவே வெளியிட்டிருந்தா யூடியூப் கன்டென்ட் ஐடியில் (பாட்டைத் தானா அடையாளம் கண்டு உரிமையாளர் பேர்ல கிளைம் போடுற வசதி) ஏறியிருக்கும். சேனல் கிளிப் போட்டதும் உங்க பேர்லயே அவங்களுக்குக் கிளைம் போகும், பயந்து கிளிப்பை எடுத்துடுவாங்க. சேனலோட யூடியூப் பக்கத்தை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிஸ்ட்ரிப்யூட்டருக்கு முன்னாடியே எழுதுங்க. அன்னிக்கு நீட்டுற ரிலீஸ் ஃபாரத்தில் இந்தப் பதிவை ஒளிபரப்ப அனுமதின்னு மட்டும் இருக்கான்னு படிச்சுப் பாருங்க. பாட்டோட முழு உரிமையும்னு இருந்தா அந்த வரியை அடிச்சுட்டு, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்க. மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து அவசரத்தில் போடாதீங்க, ஃபாரத்தை முதல் நாளே மெயிலில் கேட்டு வாங்குங்க.